அந்த நாள்: ஒளியும் நிழலும்

நுழையும்முன்

தமிழில் பாடல்களே இல்லாமல் வெளிவந்த முதல் திரைப்படம் என்ற அளவிலேயே 'அந்த நாள்' பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. அப்பெருமை உண்மையானதே. ஆயினும், அப்படம் எழுப்பிய வினா அப்பெருமையைவிடப் பெரியது. அவ்வினாவை அது எவ்வளவு தொலைவு துணிவுடன் பின்தொடர்ந்தது, எவ்விடத்தில் தயங்கி நின்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

போர்க்காலச் சென்னை

சென்னையிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் அம்பத்தூரைக் கடந்தால் ஆவடி வருகிறது. டாங்கிகளைச் செய்யும் கனரக ஊர்தித் தொழிற்சாலையால் இன்று அறியப்படும் அவ்வூர், இரண்டாம் உலகப்போரின்போது படைத்தளமாக விளங்கியது. அதற்குத் தெற்கே, நகரை உள்நாட்டு ஊர்களோடு இணைக்கும் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை செல்கிறது. ஜப்பானியர் குண்டு வீசுவர் என்ற அச்சம் 1942ஆம் ஆண்டில் பரவியபோது, சென்னை நகரத்தார் பல்லாயிரவர் வீடுகளைப் பூட்டிவிட்டு உள்நாட்டு ஊர்களை நோக்கிப் புறப்பட்டனர். அரசு அலுவலகங்கள் பலவும் இடம்பெயர்ந்தன. மறு ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஓர் இரவு, ஜப்பானிய வானூர்தி உண்மையாகவே வந்து சில குண்டுகளை வீசிச் சென்றது. விளைந்த சேதம் சிறிது. நகரத்தாரிடையே எஞ்சிய அச்சம் பெரிது. போர் முடிந்து ஒன்பது ஆண்டுகள் கழிந்தபின், அந்த இரவையே களமாகக் கொண்டு ஒரு கொலைக்கதை திரைக்கு வந்தது.

ஏவி.எம். நிறுவனம் தயாரித்த 'அந்த நாள்' 1954 ஏப்ரல் 13 அன்று வெளியானது. இயக்கியவர் சு. பாலச்சந்தர். பிற்காலத்தில் 'வீணை' என்னும் அடைமொழியோடு உலகெங்கும் அறியப்பட்டவர் அவரே. அப்போது அவருக்கு அகவை இருபத்தேழு. திரைக்கதையையும் உரையாடலையும் எழுதியதோடு, துப்பறியும் அதிகாரி சிவானந்தமாகவும் நடித்தவர் ஜாவர் சீதாராமன். 'உடல் பொருள் ஆனந்தி' என்னும் புதினத்தின் ஆசிரியராகவும் அவரைத் தமிழ் வாசகர் அறிவர். ஒளிப்பதிவு மாருதி ராவ். சிவாஜி கணேசனும் பண்டரிபாயும் ராஜன், உஷா என்னும் கணவன் மனைவியாக நடித்தனர்.

பாட்டிலிருந்து விடுபட்ட படம்

1931இல் 'காளிதாஸ்' வெளிவந்த நாள் தொட்டே தமிழ்த் திரைப்படம் பாட்டோடு பிறந்து பாட்டோடு வளர்ந்தது. நாடக மேடையின் மரபு அது. மகிழ்ச்சி, பிரிவு, இறப்பு, இறைவேண்டல் என எதுவாயினும் ஒரு பாடல் உண்டு. அத்தகைய சூழலில் பாடலும் நடனமும் சண்டைக்காட்சியும் இன்றி ஒரு படத்தைத் தயாரிப்பது வணிக நோக்கில் அறிவுடைமையாகாது என்று எவரும் கூறியிருப்பர். அதைச் செய்தவர் ஓர் இசைக்கலைஞர் என்பதுதான் வியப்பு. இசையறியாத இயக்குநர் ஒருவர் பாடலைத் தவிர்த்திருந்தால் அதனை இயலாமை எனலாம். இசையே வாழ்வாகக் கொண்டவர் தவிர்த்தபோது, அது கதைக்கு எது தேவை என்பது பற்றிய தெளிவான தீர்ப்பாக அமைகிறது. கொலை நடந்த வீட்டில் ஐயத்தின் கனம் குறையாமல் இருக்க வேண்டுமெனில், இடையில் எவரும் பாடக்கூடாது.

தேசிய திரைப்பட விருதுகளில் தகுதிச் சான்று பெற்றபோதும், மக்கள் கூட்டம் இப்படத்தை உடனே ஏற்கவில்லை. வணிக அளவில் அது தோல்வியே. ஆயினும் ரசிகர்களை மட்டும் குறை கூறுவது முறையன்று. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் இதே சிவாஜி கணேசன் 'மனோகரா'வில் இடிமுழக்கமென வசனம் பேசி அரங்குகளை நிறைத்திருந்தார். அந்த முழக்கத்தை எதிர்பார்த்து வந்தவர்முன், படம் தொடங்கிய உடனேயே அவர் சுடப்பட்டு வீழ்ந்தார்.

ஐவர் கூற்று

கதையின் கட்டமைப்பு எளிமையானது. 1943 அக்டோபர் 11 இரவு, வானொலிப் பொறியாளனான ராஜன் தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்படுகிறான். மனைவி உஷா, தம்பி பட்டாபி, தம்பியின் மனைவி ஹேமா, ராஜனோடு தொடர்புடைய அம்புஜம், அண்டை வீட்டுக்காரர் சின்னையா ஆகிய ஐவரையும் சிவானந்தம் விசாரிக்கிறார். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததைக் கூறுகின்றனர். கூறும்போதே, தம்மேல் விழும் ஐயத்தை அடுத்தவர்மேல் மெல்ல நகர்த்துகின்றனர். பின்னோக்கு உத்தியில் இறந்தவன் மீண்டும் மீண்டும் உயிர்பெற்று வருகிறான். சொத்தைப் பிரித்துத் தர மறுக்கும் அண்ணனாக, காதலனாக, கணவனாக, வஞ்சிப்பவனாக ஒரே மனிதன் வெவ்வேறு முகங்களோடு தோன்றுகிறான்.

1950இல் அகிரா குரோசவா இயக்கிய 'ரஷோமோன்' என்னும் ஜப்பானியப் படத்தின் தாக்கம் இதில் உண்டென்பது அனைவரும் கூறுவது. 1952இல் இந்தியாவில் நடைபெற்ற பன்னாட்டுத் திரைப்பட விழா, இங்குள்ள கலைஞர் பலருக்கு அப்படத்தை அறிமுகம் செய்தது. ஆனால், இவ்விரு படங்களும் உள்ளீட்டில் வேறானவை. 'ரஷோமோன்' ஒரே நிகழ்ச்சியைப் பலர் வாயிலாக முரண்பட்ட வகையில் காட்டுகிறது. படக்கருவியே பொய் சொல்கிறது என்று அங்குச் சொல்லலாம். உண்மை எதுவென இறுதிவரை உறுதிப்படுவதில்லை. 'அந்த நா'ளிலோ ஒவ்வொருவரும் வெவ்வேறு நிகழ்ச்சிகளை நினைவுகூர்கின்றனர். அவர்கள் கண்டவை பெரும்பாலும் மெய். கண்டவற்றிலிருந்து அவர்கள் கொள்ளும் முடிவே பொய். இறந்துபோன ஒரு பெண்ணைப் பற்றி ஐவர் ஐந்து விதமாகக் கூறும் 'தி உமன் இன் கொஸ்டின்' என்னும் ஆங்கிலப் படத்துக்கு (1950) இது நெருக்கமானது என ஆய்வாளர் சுட்டுவது பொருத்தமே. உண்மை அறியவொண்ணாதது என்பது குரோசவாவின் கவலை. பாலச்சந்தரின் கவலை அஃதன்று. உண்மை ஒன்றே, அதனைக் காணவிடாமல் மறைப்பவை பேராசையும் பொறாமையும் தன்னலமும் என்கிறது அவர் படம். இதனால் இறந்தவனைப் பற்றிய விசாரணை, உயிரோடிருப்போரைப் பற்றிய விசாரணையாக மாறிவிடுகிறது. படத்தின் முதன்மையான வலிமை இதுவே.

இரண்டாம் வலிமை, இருள். 1940களின் அமெரிக்கக் குற்றப்படங்கள் சிலவற்றைப் பிரெஞ்சுத் திறனாய்வாளர் 'ஃபிலிம் நுவார்' என்று அழைத்தனர். கறுப்புப் படம் என்பது அதன் பொருள். இருள் என்பது அப்படங்களில் வெளிச்சக் குறைவு மட்டுமன்று. நல்லவனும் முழுக்க நல்லவன் அல்லன், தீயவனும் காரணமின்றித் தீயவன் ஆகவில்லை என்னும் வாழ்க்கைப் பார்வையே அங்கு நிழலாக விழுகிறது. மாருதி ராவின் ஒளிப்பதிவு இப்பார்வையைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. முகத்தின் ஒருபாதி துலங்க மறுபாதி மறைகிறது. தாழ்ந்த கோணத்திலிருந்து காட்டப்படும் சுவர்களும் கூரையும், பழகிய ஒரு நடுத்தரக் குடும்பத்து வீட்டை அச்சம் தரும் இடமாக்குகின்றன. குண்டுவீச்சு அச்சத்தால் விளக்குகளை மறைத்து வாழ்ந்த நகரத்தின் கதைக்கு இத்தகைய இருள் இரவலாகப் பெற்ற அணிகலன் அன்று. அது அக்காலச் சென்னையின் மெய்யான நிறம்.

நாயகன் துரோகியான கதை

இப்படத்தின் உண்மையான துணிவு, பாடலை நீக்கியதில் இல்லை. ராஜனைப் படைத்ததில் இருக்கிறது. அவன் அறிவாளி, உழைப்பாளி. தன் ஆராய்ச்சிக்கு உரிய மதிப்பும் ஆதரவும் கிட்டாததால் மனம் கசந்தவன். அக்கசப்பே அவனை நாட்டின் மறைச்செய்திகளை ஜப்பானுக்கு விற்கும் உளவாளியாக்குகிறது. வளர்ந்துவரும் நாயக நடிகர் ஒருவர் இத்தகைய பாத்திரத்தை ஏற்றது அரிது. அப்பாத்திரத்தைக் கீழ்மைப்படுத்தாமல் நடித்தது அதனினும் அரிது. சிவாஜி கணேசனின் ராஜன் பல்லைக் கடித்துக் கண்ணை உருட்டும் வில்லன் அல்லன். அவன் சிரிக்கும்போது பார்ப்பவரும் சிரிக்கின்றனர். அவன் வாதாடும்போது அவன் பக்கம் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. மிகை நடிப்பு என்ற குறை அவர்மீது சுமத்தப்படும் போதெல்லாம் எதிர்ச்சான்றாக முதலில் எடுத்துக்காட்டத்தக்க படம் இது.

பண்டரிபாயின் உஷா இன்னொரு முனை. நாட்டு விடுதலையில் வேட்கை கொண்டவள். கணவனிடம் அன்பு கொண்டவள். அவ்விரண்டும் மோதும்போது அவள் கையிலிருந்த துப்பாக்கியே அவன் உயிரைக் குடிக்கிறது. கொலையாளி யார் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் துப்பறியும் கதைக்கு உயிரில்லை என்பர். இப்படத்துக்கு அது பொருந்தாது. முடிவை அறிந்தபின் மறுமுறை பார்க்கும்போதுதான், விசாரணை முழுவதும் உஷாவின் முகத்தில் நிலவும் அமைதியின் பொருள் புலப்படுகிறது. கணவனைக் கொன்ற பெண்ணைக் குற்றவாளியாக மட்டும் காட்டாத துணிவு, 'கல்லானாலும் கணவன்' என்று கற்பித்த காலத்தில் சிறியதன்று.

தயங்கி நின்ற இடங்கள்

குறைகளில் எளியவற்றை முதலில் சொல்லிவிடலாம். உரையாடல் மிகுதி. காட்சி உணர்த்திவிட்டதை மீண்டும் வாய்மொழியாகக் கூறும் பழக்கத்தை ஜாவர் சீதாராமனின் எழுத்து முற்றிலும் கைவிடவில்லை. வாக்குமூலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் நடுப்பகுதி சற்றே தளர்கிறது. ஹேமா வாயாடி மருமகள் என்ற பழைய அச்சிலும், அம்புஜம் குடும்பம் கெடுக்கும் பெண் என்ற அதனினும் பழைய அச்சிலும் வார்க்கப்பட்டுள்ளனர். உஷாவுக்குக் கிடைத்த ஆழத்தில் கால்பங்கும் அவ்விருவருக்கும் கிடைக்கவில்லை.

இவை அக்காலப் படங்கள் அனைத்துக்கும் பொதுவான குறைகள். இப்படத்துக்கே உரிய குறை வேறு. அது தான் எழுப்பிய வினாவைக் கண்டு தானே அஞ்சியது. திறமையுடையவனைச் சமூகம் புறக்கணித்தால், அவன் செய்யும் துரோகத்தில் சமூகத்துக்குப் பங்குண்டா? ராஜனின் கசப்பை நேர்மையுடன் காட்டிய திரைக்கதை, விடைகூற வேண்டிய இடத்தில் வழியை மாற்றிக்கொள்கிறது. அவனை மனைவிக்கு உண்மையில்லாதவனாகவும் ஆக்கிவிடுகிறது. நாட்டுக்குத் துரோகம் செய்தவன் மனைவிக்கும் துரோகம் செய்தவனே என்று காட்டப்பட்டபின், பார்ப்போர்க்குத் தடுமாற்றம் இல்லை, வெறுப்பது எளிதாகிறது. ராஜன் மனைவிக்கு உண்மையான கணவனாக இருந்திருந்தால் உஷாவின் செயல் எவ்வளவு கனத்திருக்கும்! இருண்மைப் படங்களுக்கு உரிய அறச்சிக்கல் அங்குதான் முழுமை பெற்றிருக்கும். பெற வேண்டிய இடத்தில் படம் விளக்கைப் போட்டுவிடுகிறது.

இன்னொரு முடிச்சும் உண்டு. அதனைப் படம் தொடவே இல்லை. 1943இல் 'நாடு' என்பது எது? ராஜன் விற்ற மறைச்செய்திகள் ஆங்கில அரசின் போர்ச்செய்திகள். அவ்வரசுதான் 1942 ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' என முழங்கியவர்களைச் சிறையில் அடைத்தது. படம் குறிக்கும் இரவுக்குப் பத்து நாள் கழித்து, 1943 அக்டோபர் 21 அன்று, நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் ஆசாத் இந்து அரசை அறிவித்தார். அவருடைய படையில் மலேயாவின் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர் பெருந்தொகையினராக இருந்தனர். பெண்களுக்கான ஜான்சிராணிப் படைக்குத் தலைமை ஏற்றவர் சென்னையில் வளர்ந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற மருத்துவர் லட்சுமி. ஆங்கிலேயருக்கு எதிராக ஜப்பானின் துணையை நாடியவர்கள் அவர்கள். ஒரே மாதத்தில், ஒரே நகரத்தைச் சார்ந்த இரு பெண்கள்: கற்பனையில் தோன்றிய உஷா ஜப்பானுக்கு உதவிய கணவனைத் தடுக்கத் துப்பாக்கி ஏந்துகிறாள், வரலாற்றில் வாழ்ந்த லட்சுமி ஜப்பான் துணைநின்ற படையில் துப்பாக்கி ஏந்துகிறார். இருவரும் ஏந்தியது நாட்டுப்பற்றினால்தான்.

ராஜன் பணத்துக்கு விற்றான். அவர்கள் விடுதலைக்காகப் போராடினர் என்ற வேறுபாடு உண்டுதான். மறுப்பதற்கில்லை. அவ்வேறுபாட்டைப் படம் பேசியிருக்கலாம். ராஜன் தன் செயலுக்கு ஆங்கில ஆட்சியைக் காரணம் காட்ட, உஷா அதற்கு விடையளிக்கும் ஒரு காட்சி போதும். படத்தின் எடை இருமடங்காகியிருக்கும். ஆனால் விடுதலைபெற்று ஏழாண்டுகளே ஆகியிருந்த நிலையில் அரசு, நாடு, மக்கள் என்னும் மூன்றும் ஒன்றே என்று நம்ப எல்லாரும் விரும்பினர். 1954இன் அந்த நம்பிக்கையை 1943இன் இரவின்மேல் போர்த்தியதால், அந்த இரவின் குழப்பம் மறைந்துபோயிற்று. குண்டு விழுமோ என்று கூரையை நோக்கிக் காத்திருந்த நகரத்தில், அந்தக் குண்டு யாருடைய எதிரியின் குண்டு என்ற ஐயமும் சிலர் உள்ளத்தில் இருந்திருக்கும். படத்தில் அவ்வையம் உடையவர் ஒருவரும் இல்லை.

ராஜனின் மேசை

படம் வெளிவந்த மறு ஆண்டு, 1955 சனவரியில், ஆவடியில் காங்கிரசுப் பேரவை கூடிச் சமதர்ம பாணிச் சமுதாயத்தைத் தன் இலக்காக அறிவித்தது. அடுத்த பத்தாண்டுகளில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. ஆவடியிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி 1965 இறுதியில் வெளிவந்தது. கடைசல் இயந்திரங்களும் வார்ப்புப் பட்டறைகளும் அப்பகுதியின் நாளோசையாயின. ராஜனைப் போன்றோர்க்கு ஒரு மேசையும் ஆய்வுக்கூடமும் ஊதியமும் தரவேண்டும் என்பதைக் கொள்கையளவில் நாடு ஏற்றுக்கொண்டது என்று இதனைக் கொள்ளலாம். படம் கேட்டு விடைகூறாமல் விட்ட வினாவுக்கு, ஓரளவுக்கு, மேற்குப் புறநகரின் தொழிற்கூடங்கள் விடை கூறின.

ஓரளவுக்கு மட்டுமே. பட்டறையில் பதினைந்து ஆண்டு நின்று ஒரு கருவியைச் செப்பமாக்கியவர் பெயர் வெளியே தெரியாமல் போவதும், கல்லூரியில் முதலிடம் பெற்றவர் நுழைவாயிலில் தாளை நீட்டிக்கொண்டு நிற்பதும் இன்றும் நிகழ்பவை. அவர்களுள் எவரும் ராஜன் ஆவதில்லை. கசப்பை விழுங்கிக்கொண்டு மறுநாள் காலை அதே தொடர்வண்டியில் ஏறுகின்றனர். ராஜனின் கதை அவர்களுக்கு எவ்வாறு தோன்றும் என்பதைப் படம் எண்ணிப்பார்க்கவில்லை. உஷாவின் எதிர்ப்புறத்தில் நிற்க வேண்டியவர்கள் உண்மையில் அவர்களே. புறக்கணிக்கப்பட்டும் விற்காதவர் ஒருவர் கதையில் இருந்திருந்தால், ராஜனின் வாதத்துக்கு எந்த அதிகாரியின் அறிவுரையும் தேவைப்பட்டிராது.

'அந்த நா'ளுக்குப்பின் பாடலின்றி வந்த தமிழ்ப் படங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஜெயகாந்தனின் 'உன்னைப்போல் ஒருவன்' (1965), பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) ஆகியவை பாடலை நீக்கியதில் இப்படத்தின் வழிவந்தவை எனலாம். ஆனால் இதன் மையவினாவைக் கையில் எடுக்கவில்லை. அவற்றின் நோக்கம் வேறு. பாலச்சந்தர் பின்னர் 'பொம்மை', 'நடு இரவில்' எனச் சில மர்மப்படங்களை இயக்கிவிட்டு வீணையோடு நின்றுவிட்டார். ராஜனை ஒத்த ஒரு மனிதன் மீண்டும் வரத் தமிழ்த் திரை நாற்பத்தோராண்டுகள் காத்திருந்தது. 1995இல் வெளிவந்த 'குருதிப்புனல்' படத்திலும் பாடல் இல்லை. அங்கே துரோகத்துக்குத் தள்ளப்படுபவர் நேர்மையான காவல் அதிகாரி. குடும்பத்தின் உயிரைப் பணயமாக வைத்து எதிரி அவரை வளைக்கிறான். அவரை வெறுப்பதற்கு எளிய வழி எதனையும் அப்படம் பார்ப்போர்க்குத் திறந்துவிடவில்லை.